பானட்டில் வெயில் விழும்வரை

வண்டி ஓட்டுகிறவனின் வலது காலைப் பார்த்தே அவன் குடும்பம் நடத்தும் லட்சணத்தைச் சொல்லிவிடலாம் என்பார் சொட்டு. ஆக்சிலேட்டர் மேல் கல்லைத் தூக்கி வைத்தமாதிரி காலை வைக்கிறவன் வீட்டிலும் அப்படித்தானாம்: கதவை அடித்துச் சாத்துவான், சோற்றைச் சிந்துவான், பெண்டாட்டியிடம் கத்துவான். அவருடைய கால் அப்படிப்பட்டதல்ல. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டிய கால். பெடலுக்கும் பாதத்துக்கும் நடுவில் ஒரு கோழிமுட்டை இருப்பதாக நினைத்து மிதித்த கால். லிட்டர் டீசலுக்கு யார் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார்கள் என்று டெப்போவில் மாதாமாதம் பலகையில் எழுதிப் போடுவார்கள். ஏழு வருஷம் தொடர்ந்து அவர்தான் முதல் வரியில். ஒவ்வொரு சொட்டையும் தன் உடம்பிலிருந்து எடுத்து ஊற்றுகிற மாதிரி ஓட்டுகிறான்யா இந்த மனுஷன் என்று ஒரு கண்டக்டர் கேலி பண்ணப்போய் ஒட்டிக்கொண்ட பெயர் சொட்டு. கேலிப் பெயரைப் பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தார்.

ஓய்வு பெற்ற மறுநாள், எழுந்து எங்கே போவதென்று தெரியாமல் வாசலுக்கும் சமையல்கட்டுக்குமாக நடந்தார். ஒரு வருஷம் அப்படியே நடந்தார். வாயைத் திறந்தால் எரிந்து விழுந்தார். வீட்டில் சிரிப்பு என்பதே இல்லாமல் போனது. அந்த வருஷக் கடைசியில்தான் அவர் மனைவிக்குக் கால் வீங்கியது, பிறகு முகம் வீங்கியது. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன என்று டாக்டர் சொன்னார். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். வீடு மலைமேல், இயந்திரம் இருப்பதோ கீழே டவுன் ஆஸ்பத்திரியில். நடுவில் ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். வெளியூரில் வேலை பார்க்கும் மகள், தான் ஓட்டிப் பழகிய பழைய சின்னக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டுப் போனாள். சிகிச்சை இலவசம். பெட்ரோல்தான் அவர்கள் பாடு. பென்ஷனில் பாதியை அந்த ரோடு குடித்தது. பெட்ரோல் எத்தனை நாளைக்கு வருகிறதோ அத்தனை நாளைக்கு அவளும் இருப்பாள் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார். அதில் குற்றம் சொல்ல யாருக்கும் வாய் வராது.

கார் முதலில் லிட்டருக்குப் பதினைந்துதான் கொடுத்தது. அவருக்கு அது அவமானமாக இருந்தது. டயர் சூடாவதற்கு முன்னால், விடிகாலையில், சொந்தமாக வாங்கிய மீட்டரை வைத்துக் காற்றைப் பார்த்தார். நாலு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்து, இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பிரேக்கைத் தளர்த்தினார். டிக்கியில் மகள் விட்டுப்போன பழைய செருப்பு, புத்தகம், குடை எல்லாவற்றையும் இறக்கினார். ஏர் ஃபில்டரைத் தட்டித் தட்டியே பாதி ஆயுசைக் கழித்தார். ஏசி கிடையாது. ஜன்னலும் ஏற்றியே இருக்கும். திறந்தால் காற்று வண்டியைப் பிடித்து இழுக்குமாம். மனைவி ஆஸ்பத்திரி ஃபைலால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இறக்கத்தில் நியூட்ரலில் விடாதீர்கள், இந்தக் காலத்து எஞ்சினில் கியரில் வைத்துக் காலை எடுத்தால்தான் பெட்ரோல் நிற்கும் என்று மெக்கானிக் சொன்னபோது இரண்டு நாள் அவனோடு சண்டை போட்டார். மூன்றாம் நாள் தானே ஓட்டிப் பார்த்து, அவன் சொன்னதுதான் சரி என்று போய் ஒத்துக்கொண்டு வந்தார். வண்டி விஷயத்தில் அவருக்கு வீம்பு கிடையாது.

நாற்பத்தைந்தைத் தாண்டாமல் மேல் கியரில் ஓட்டினார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போவான். போகட்டும், அவன் பெட்ரோல் அவன் இஷ்டம் என்பார். பதினைந்து பதினெட்டானது, இருபதானது. இருபதைத் தொட்ட அன்று பெட்ரோல் பம்ப்பிலிருந்து வெளியே வரும்போது அவர் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். போகும்போது தண்ணீர் லோடு, வரும்போது காலி வண்டி, அதனால்தான் திரும்பும்போது ஏற்றத்தில்கூட வண்டி சுளுவாக ஏறுகிறது என்று மனைவியைச் சீண்டினார். இயந்திரம் ஒவ்வொரு தடவையும் அவள் உடம்பிலிருந்து இரண்டு இரண்டரை லிட்டர் நீரை இறக்குமே, அதைச் சொன்னார். வேறு எவளாக இருந்தாலும் அழுதிருப்பாள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

மலைமேல் காலையில் பனி இறங்கும். குளிர்ந்த எஞ்சின் பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும் என்பது அவருடைய கணக்கு. அதனால் காரைக் கிழக்கே பார்த்து நிறுத்தி, பானட்டில் வெயில் விழுந்து, எஞ்சினை மூடிய அந்த உலோகம் கைக்கு வெதுவெதுப்பாகும் வரை காத்திருப்பார். கிழக்கே ஒரு மேடு இருந்தது. அதைத் தாண்டித்தான் வெயில் வர வேண்டும். ஆரம்பத்தில் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு ஆறே முக்கால் ஆனது. பனிக்காலத்தில் ஏழு. மனைவி குளித்து உடுத்தி, பையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் தயாராக உட்கார்ந்திருப்பாள். அவர் வெளியே நின்று பானட்டில் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்ப்பார்.

ஒருநாள் அவள் கேட்டாள். "இன்னிக்குக் கொஞ்சம் முன்னாடியே எடுத்துடலாமாங்க?"

"ஏன், லேட்டா போனா அங்க ஏதாச்சும் சொல்றாங்களா?"

அவள் ஒரு நொடி யோசித்தாள். "இல்ல. சும்மா கேட்டேன்."

ஆஸ்பத்திரியில் அவர் உள்ளே போவதில்லை. முதல் நாள் போனார். குழாயில் அவளுடைய ரத்தம் சிவப்பாக ஓடியதைப் பார்த்ததும் கண் இருட்டிச் சுவரோடு சரிந்துவிட்டார். அங்கே எட்டு இயந்திரத்தையும் கட்டி மேய்க்கும் டெக்னீஷியன் அம்மாள், ஏற்கெனவே எட்டுப் பேர் படுத்திருக்கிறார்கள், ஒன்பதாவது ஆளுக்குக் கட்டில் இல்லை என்று சொல்லி வெளியே அனுப்பிவிட்டாள். அதிலிருந்து கார் நிறுத்துகிற இடத்தில் மரத்தடிதான் அவர் இருப்பிடம். ஆம்புலன்ஸ் டிரைவர்களும், நோயாளிகளைக் கூட்டிவந்த மற்றவர்களும் அவரைச் சுற்றி நிற்பார்கள். மேட்டைப் பார்த்த பிறகு மிதிக்காதே, மேட்டுக்கு முன்னாலேயே வேகத்தைச் சேர்த்துக்கொள் என்று பாடம் எடுப்பார். டெப்போ திரும்ப வந்துவிட்டது போலிருக்கும் அவருக்கு. பதினொன்றரைக்கு மனைவி முழங்கையில் பிளாஸ்திரியோடு மெல்ல நடந்து வருவாள். எந்த நேரத்துக்கு வந்து சேர்ந்தாலும் அவள் வெளியே வருவது பதினொன்றரைக்குத்தான். அவருக்கு அது ஒருநாளும் உறைக்கவில்லை.

பதினோரு மாதம் இப்படிப் போனது. மைலேஜ் இருபத்துநாலைத் தாண்டியது. மனைவிக்குப் படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது.

ரத்தப் பரிசோதனை முடிவை மட்டும் பார்த்த டாக்டர் அம்மாள் அவரை அழைத்து, ரத்தம் சுத்தமாகவில்லையே, உடம்பில் நீர் நிற்கிறதே, சாப்பாட்டிலும் தண்ணீரிலும் அவள் கட்டுப்பாடாக இருக்கிறாளா என்று கேட்டாள். சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது. காய்கறியைப் பொடியாக நறுக்கி வெந்நீரில் ஊறப்போட்டு, அந்த நீரைக் கொட்டி, மறுபடி வேக வைத்து, அந்த நீரையும் கொட்டிவிட்டுச் சமைப்பார்கள். ருசியெல்லாம் சாக்கடைக்குப் போய்விடும். உப்பு பேருக்குத்தான். அவரும் அதையேதான் சாப்பிட்டார். தனக்கென்று ஒரு துண்டு ஊறுகாய்கூட வைத்துக்கொண்டதில்லை. ஆகவே தண்ணீர்தான் என்று முடிவு கட்டினார். நாளைக்கு மூன்று டம்ளர் என்பது கணக்கு. இவள் திருட்டுத்தனமாகக் குடிக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். அவள் இல்லை என்றாள். அப்புறம் உடம்பில் நீர் எங்கிருந்து வந்தது, ஆகாயத்திலிருந்தா என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். குற்றவாளி தலை குனிந்ததாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார். தண்ணீர்ப் பானையைத் தன் கட்டிலருகில் கொண்டுவந்து வைத்தார். அவள் முகம் கழுவப் போனால் கதவுக்கு வெளியே நின்று, குழாய்ச் சத்தம் எவ்வளவு நேரம் கேட்கிறதென்று கவனித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று டம்ளரை இரண்டாக்கினார். கோடைக்கு முந்தின வறண்ட காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. அவளுக்கு உதடு வெடித்தது. ஒருநாள் மத்தியானம் அவர் எழுந்து பார்த்தபோது, ஈரத்துணியின் ஓரத்தை வாயில் வைத்துக்கொண்டு சமையல்கட்டுச் சுவரில் சாய்ந்திருந்தாள். அவர் துணியை வாங்கிக் கொடியில் போட்டார். பாவம் என்று தோன்றத்தான் செய்தது. தோன்றியதை அடக்கிக்கொண்டார். உன் நல்லதுக்குத்தானே செய்கிறேன் என்றார். அவள் தெரியும் என்றாள்.

அடுத்த வாரம் மரத்தடியில் அவர் தனியாக இருந்தபோது ஒரு மெலிந்த மனிதர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். டவுனில் தையல் கடை வைத்திருப்பவர். அவள் எழுந்த பிறகு அதே கட்டிலில், அதே இயந்திரத்தில் படுக்கிற அடுத்த ஆள். ரொம்ப நாளாகச் சொல்ல வேண்டும் என்றிருந்தேன் என்று ஆரம்பித்தார்.

"உங்க வீட்டம்மா மாதிரி மனசு யாருக்கும் வராது ஐயா. நீங்க எட்டு மணிக்கு வந்தாலும் சரி, எட்டேகாலுக்கு வந்தாலும் சரி, பதினொண்ணேகாலுக்கு எழுந்துடுவாங்க. என் நேரத்துல ஒரு நிமிஷம் கை வெச்சதில்ல. மத்தவங்கன்னா எனக்கு நாலு மணி நேரம் குடுத்தே ஆகணும்னு சண்டைக்கு நிப்பாங்க. இவங்க மூணு மணி நேரத்துலயே போதும்னு எழுந்துடுறாங்க."

சொட்டுக்கு முதலில் அது புரியவில்லை. பாராட்டு என்று நினைத்துத் தலையை ஆட்டினார். தையற்காரர் எழுந்து உள்ளே போன பிறகுதான் எட்டிலிருந்து பதினொன்றேகாலை விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார்.

கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்று சொல்வார்களே, அது அவருக்கென்றே சொன்ன மாதிரி ஆயிற்று. லிட்டருக்குக் கால் கிலோமீட்டர் குறைந்தால் காதாலேயே கண்டுபிடிக்கிற மனிதர், பெண்டாட்டியின் நாளில் ஒரு மணி நேரம் காணாமல் போவதைப் பதினோரு மாதம் பார்க்காமல் இருந்திருக்கிறார்.

உள்ளே போனார். டெக்னீஷியன் அம்மாள் ஒரு நீளமான பதிவேட்டைத் திறந்து காட்டினாள். வந்த நேரம், ஏற்றிய நேரம், எடுத்த நேரம். கடைசிக் கட்டத்தில், என் விருப்பத்தின் பேரில் முன்கூட்டியே முடித்துக்கொள்கிறேன் என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே அவளுடைய கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம் அந்தக் கையெழுத்து. ஊசி குத்திய கையால் போட்டதால் கோணல்மாணலாக இருந்தது.

"நூறு தடவை சொல்லியிருப்பேன்," என்றாள் டெக்னீஷியன். "ஏழு மணிக்கு வாங்கம்மா, நாலு மணி நேரம் ஓடலைன்னா இதயம் தாங்காதும்மான்னு. வீட்டுக்காரர் கிட்ட நான் பேசட்டுமான்னு கேட்டா, வேண்டாம், நானே சொல்லிக்கறேன்னு கையப் பிடிச்சுக்குவாங்க. நான் ஒருதடவை வெளிய வந்து உங்ககிட்ட சொல்லியிருக்கணும். எட்டு மெஷினை விட்டுட்டு வர முடியல. என் தப்பும்தான்."

உங்கள் தப்பு ஒன்றுமில்லை என்று சொல்ல நினைத்தார். பதிவேட்டை மூடி அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

திரும்பும்போது மலை ஏற்றத்தில் அவர் வண்டியை ஓரம் கட்டினார். அந்த ரோட்டில் இதுவரை காரணமில்லாமல் எங்கேயும் நிறுத்தியதில்லை. நின்ற வண்டியை நகர்த்தத்தான் பெட்ரோல் அதிகம். லாரிகள் வண்டியை உலுக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன.

"ஏன் சொல்லல?" என்றார்.

அவள் ஃபைலை மடியில் நேராக்கி வைத்தாள். யார் சொன்னது என்று கேட்கவில்லை.

"சொல்லணும்னுதான் இருந்தேன். இருபது வந்த அன்னிக்குச் சொல்லலாம்னு நெனச்சேன். அன்னிக்கு நீங்க பம்ப்புல இருந்து வெளிய வர்றப்ப சிரிச்சீங்க. பஸ்ஸ விட்டு எறங்கினதுல இருந்து நீங்க சிரிச்சு நான் பாக்கவே இல்ல. சரி, அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு விட்டேன். அடுத்த வாரம் இருபத்தொண்ணு வந்துச்சு."

"என் சிரிப்பு யாருக்குடி வேணும்?"

"எனக்குத்தான்."

பிறகு கேட்டார். "தண்ணி?"

"நான் குடிக்கலங்க."

"குடிக்கலைன்னா அப்பவே என் மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லியிருக்கலாம்ல? ஏன் திருடி மாதிரி தலையக் குனிஞ்ச?"

"உங்களுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டுச்சு. தண்ணின்னா, பழி என்னோட போயிடும்ல."

அவர் ஸ்டீயரிங்மேல் நெற்றியை வைத்து அழுதார். சத்தமாகவே அழுதார். அவள் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே, தன் கையில் போட்ட பிளாஸ்திரியில் ரத்தம் கசிகிறதா என்று பார்த்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அணைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த முறை நாலே முக்காலுக்கே வண்டியை எடுத்தார். பனி ஆள் உயரத்துக்கு நின்றது. விளக்கைப் போட்டு, ஹீட்டரைப் போட்டு, எஞ்சின் உறுமுவதைக் காதில் வாங்காமல் மிதித்தார். வேகமாக ஓட்ட அவருக்குத் தெரியவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. முப்பத்தோரு வருஷத்துப் பழக்கம், இறக்கம் கண்ணில் பட்டதும் கால் தானாக மேலே எழும்பியது. சனியனே, மிதி என்று வாய்விட்டுத் தன் காலையே திட்டிக்கொண்டு ஓட்டினார். ரோடு தெளிந்த இடத்தில் முள் எழுபதைத் தாண்டியது. மனைவி கதவின் மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். ஐந்தே முக்காலுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பூட்டியிருந்த கதவுக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டெக்னீஷியன் அம்மாள் சாவியோடு வந்தபோது அவர் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, இன்றைக்கு நாலு மணி நேரம் என்றார்.

அன்று அவர் மரத்தடிக்குப் போகவில்லை. கட்டிலருகே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். குழாயைப் பார்க்காமல் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு ஐந்துக்கு ஏற்றினார்கள். எட்டு மணி ஆனது, ஒன்பது ஆனது. ஒன்பதரைக்கு அவள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாள். மகளுக்குப் போன் பண்ண வேண்டும் என்றாள். பத்தாகப் போகிறபோது அவள் முகத்தில் முத்து முத்தாக வியர்த்தது. கொட்டாவி விட்டாள். என்னவோ பண்ணுதுங்க என்றாள். இயந்திரம் விட்டுவிட்டுக் கத்தியது. டெக்னீஷியன் ஓடிவந்து கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தி, குழாயில் மருந்து ஏற்றி, ரத்த அழுத்தத்தைப் பார்த்து, மறுபடி பார்த்தாள். டாக்டர் அம்மாள் வந்தாள். நிறுத்திவிடுங்கள் என்றாள்.

சொட்டு எழுந்து நின்றார். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, நாங்கள் நேரத்துக்கு வந்துவிட்டோம் என்றார்.

டாக்டர் அவரை இரண்டடி தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் சொன்னாள். இத்தனை மாதம் நீர் நின்று நின்று இதயம் பெருத்துத் தளர்ந்திருக்கிறது. முழு நேரம் ஓட்டினால் அழுத்தம் விழுந்துவிடுகிறது. இனி அவள் தாங்குகிற அளவுக்குத்தான் ஓட்ட முடியும்.

"வேற வழி?"

"கொஞ்சம் கொஞ்சமா, வாரத்துக்கு நாலு நாள் வெச்சுப் பாக்கலாம். பாக்கலாம், அவ்வளவுதான். முன்னாடியே வந்திருந்தா…" என்று தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்து டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஊசியை எடுத்தார்கள். எடுத்த இடத்தில் பஞ்சை வைத்துப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்த வேண்டும். இத்தனை நாளும் டெக்னீஷியன்தான் அழுத்துவாள். அன்று சொட்டு அழுத்தினார். பயந்து பயந்து மெல்லத் தொட்டார். பஞ்சில் சிவப்பு ஊறியது. இப்படித் தடவிக் கொடுத்தால் நிற்காது, நன்றாக அழுத்துங்கள் ஐயா என்றாள் அவள். கட்டைவிரல் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினார்.

மனைவி கண்ணைத் திறந்தாள். சுவர்க் கடிகாரத்தைத் தேடிப் பார்த்தாள். பத்தே கால். அவள் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. இது இப்படித்தான் ஆகும் என்று முன்பே தெரிந்தவள் மாதிரி இருந்தாள். அடுத்த ஆள் வர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. இயந்திரம் பக்கத்தில் சும்மா நின்றது.

"இன்னிக்கு எவ்வளவு குடுத்திருக்கும்?" என்றாள்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மனதுக்குள் கணக்குப் போட்டார். பனியில் எடுத்து, ஹீட்டர் போட்டு, எழுபதில் விரட்டிய வண்டி பதினாலு கொடுத்திருந்தால் பெரிது. வாழ்நாளில் ஒருமுறைகூட அவர் மைலேஜைக் கூட்டிச் சொன்னதில்லை. டெப்போவில் மற்றவர்கள் அரைக் கிலோமீட்டரைச் சேர்த்து எழுதியபோதுகூட அவர் எழுதியதில்லை.

"இருபத்தஞ்சு," என்றார்.

அந்த வேகத்தைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தவள் அவள். மைலேஜ் கணக்கு அவளுக்கும் இப்போது அத்துப்படி. அவரையே பார்த்தாள்.

"பரவாயில்லையே," என்றாள்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அவர் பஞ்சிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். பத்து நிமிஷம் எப்போதோ முடிந்திருந்தது.